கண் சூட்டில் காய்த்த பட்டாணி

பொறாமையை அளக்கிற அலகுக்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து விசாரிக்கலாம். வரும்போது கம்பளி எடுத்து வரவும். ஒரு மனிதன் ஒரு மணி நேரம் பார்த்தே ஒரு பாத்தி மண்ணை ஒரு டிகிரி சூடாக்கினால் அது ஒரு சடை. என் முழுப்பெயர் சடையாண்டி. விஞ்ஞானத்தில் இடம் குறைவு என்று பாதியை வெட்டிவிட்டார்கள்.

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் மேற்கொண்டு போக வழியில்லாமல் திரும்புகிற இடம் எங்கள் ஊர் நரிப்பாறை. அந்த பஸ்ஸை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவன் நான். முன்பெல்லாம் தை மாதத்தோடு உறைபனி இறங்கிப் போய்விடும். மாசி பிறந்ததும் துணிந்து விதை போடலாம். இப்போது மாசிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. விடியற்காலையில் பனி உறையும், பத்து மணிக்கு முதுகுத்தோல் உரியும், மூன்று மணிக்குக் கல்மழை. ஒருநாள் கொடியில் போட்ட என் வேட்டி ஒரே பகலில் காய்ந்து, நனைந்து, உறைந்து, பலகை மாதிரி ஆகிவிட்டது. மடிக்க முடியாமல் இரண்டு நாள் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். செல்போனில் வானிலை சொல்கிற பெண்ணும் மனம் தளர்ந்துபோய், "பார்த்து இருந்துகொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

இந்தப் பருவத்தில் தோட்டம் போடுவது சூதாட்டம். அந்தச் சூதாட்டத்தில் வருஷா வருஷம் நான் தோற்பேன், பெத்தணன் ஜெயிப்பான்.

பெத்தணன் என் மனைவி நாகரத்தினத்தின் அண்ணன். எனக்கு மச்சான். ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதால் வாடா போடாதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் தோட்டமும் என் தோட்டமும் அடுத்தடுத்து. நடுவில் இடுப்பளவு கல்சுவர். அதே மண், அதே தண்ணீர், அதே சாணி. சொல்லப்போனால் அதே மாட்டின் சாணி. என் பக்கம் பீன்ஸ் முளைத்து மூன்று இலை விடும், மறுநாள் கருகிக் கிடக்கும். அவன் பக்கம் பீன்ஸ், கோஸ், பட்டாணி எல்லாம் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல நிற்கும்.

பங்குனித் திருவிழாவில் முதல் காய் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைக்கிறவனுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பதினோரு வருஷமாகப் பெத்தணன் தலைக்குத்தான் கட்டினார்கள். பதினோராவது தடவை பூசாரி அவன் தலை அளவைக் கேட்காமலே கட்டினார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாள் தவறாமல் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கல்சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வெயில் ஏறும்வரை அவன் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்தே முக்கால் வாக்கில் நாகரத்தினம் காபியோடு வருவாள். என் தலையில் மப்ளரைச் சுற்றி, காதை இழுத்து மூடி, "விறைச்சுப் போயிராதீக, தூக்கிட்டுப் போக இந்த வீட்ல ஆள் இல்ல" என்று சொல்லி, நான் இரண்டு வாய் குடிக்கிறவரை நின்றுவிட்டுப் போவாள். அந்தப் பக்கம் பெத்தணன் தன் அடுப்படி வாசலில் கையில் ஒரு டம்ளரோடு நிற்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி சிட்டம்மாள் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவனே போட்டுக் குடிக்கிற காபி. அதில் என்ன போடுகிறான் என்று தெரியாது. குடித்ததும் முகம் சுருங்கும்.

என் தோட்டத்துக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பது என் முடிவு. அதனால் பத்து வருஷத்துக்கு முன்பே சுவரோரம், என் நாற்காலிக்குப் பக்கத்தில், பெத்தணன் வீட்டைப் பார்த்த மாதிரி ஒரு திருஷ்டி பொம்மை நட்டிருந்தேன். வைக்கோல் உடம்பு, கரிச்சட்டித் தலை, அதில் சுண்ணாம்பில் பல்லிளிக்கும் முகம். பார்க்கிறவன் கண் முதலில் அதன்மேல் விழுந்து அங்கேயே செத்துப்போகும் என்பது ஏற்பாடு. பொம்மையிடம் சக்தி இருந்தது என்பதில் சந்தேகமில்லை. மூன்று வருஷமாக அதன் காலடியில் மட்டும், யாரும் விதைக்காமல், ஒரு தக்காளி விழுந்து முளைத்துக் காய்த்துக்கொண்டிருந்தது. உறைபனியில் தக்காளி! என் தோட்டத்தில் உயிரோடு இருந்த ஒரே செடி அதுதான்.

அப்போதுதான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஃபெலிசிட்டா வந்தாள். தூத்துக்குடிப் பெண். கடற்கரையில் பிறந்தவளை உறைபனி ஆராய்ச்சிக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று ஸ்வெட்டருக்கு உள்ளேயிருந்துதான் பேசுவாள். ஊரில் பாத்திக்குப் பாத்தி பென்சில் மாதிரி ஒரு வெப்பமானியைச் செருகினாள். ஒரு மாதம் கழித்து மடியில் கணினித் திரையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, போன மாசம் பதினாலுலேர்ந்து பதினேழு வரைக்கும் நீங்க எங்க போயிருந்தீங்க?"

"மதுரைக்குத் தாயி. கண்ணுல புரை எடுத்தாங்க."

"அந்த நாலு நாள் மட்டும் பெத்தணன் சார் தோட்டமும் மத்தத் தோட்டம் மாதிரியே குளுந்திருக்கு. பனி லேசா இருந்ததால செடி தப்பிச்சிருக்கு. மத்த நாளெல்லாம் விடியக்காலையில மூணு டிகிரி சூடு கூட. நீங்க நாற்காலியில உக்காந்ததும் ஏறுது. எந்திரிச்சதும் இறங்குது."

"நான் நெருப்பு எதும் வைக்கலையே."

"தெரியும். எல்லா உடம்பும் சூட்டை வெளிய விடும் ஐயா. கண்ணு வழியாவும் கொஞ்சம் போகும். சாதாரணமா அது நாலா பக்கமும் சிதறிரும். ஒரே ஒரு மனநிலையில மட்டும் சிதறாம, டார்ச் அடிச்ச மாதிரி நேராப் போகுது. உங்களுக்கு முப்பது வருஷம் கொண்டை ஊசி வளைவைப் பாத்துப் பழகின கண்ணு. அதனால கூடுதல் சக்தி."

"எந்த மனநிலை?"

அவள் ஸ்வெட்டர் கழுத்தை மேலே இழுத்துக்கொண்டாள். நல்ல வளர்ப்பு. கேட்கிற ஆள் வாயிலிருந்தே வரட்டும் என்று இருந்தாள்.

"அப்ப கண் பட்டாக் கருகும்னு சொல்றாங்களே?" என்றேன்.

"சொன்னவங்க கீழ்நாட்டுக்காரங்க. சித்திரை வெயில்ல இன்னும் மூணு டிகிரி ஏத்துனா எந்தச் செடியும் கருகத்தானே செய்யும்? இங்க மாசிப் பனியில அதே சூடு காப்பாத்துது. நம்ம ஆளுங்க மலைக்கு வந்தப்ப சாமியோட சேத்து திருஷ்டி பொம்மையையும் தூக்கிட்டு வந்துட்டாங்க. அது ஒண்ணுதான் தப்பு."

அதாவது, பதினோரு பரிவட்டத்துக்கும் அடுப்பு மூட்டியது நான். நெஞ்சு எரிந்து எரிந்து அவன் கோஸைக் குளிர் காய வைத்திருக்கிறேன்.

"சரி, என் தோட்டம் ஏன் குளுந்து கிடக்கு?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். என் பாத்திகளின் கோடு தரையோடு படுத்திருந்தது.

"உங்க தோட்டத்து மேல யாருக்கும்... அந்த மாதிரி இல்லைங்க ஐயா."

மனிதனுக்கு எத்தனையோ அவமானம் வரும். மாமனார் வீட்டில் வரும், பஸ்ஸில் வரும். எனக்கு ஆராய்ச்சி முடிவாக வந்தது. இந்தப் பூமியில் சடையாண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு ஆள் கிடையாது. மூன்று தசம ஸ்தானத்துக்குச் சுத்தமாகக் கணக்கிட்டு நிரூபித்தாகிவிட்டது.

அன்றைக்கே நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அவன் தோட்டத்துக்கு முதுகு. என் தோட்டத்துக்கு முகம். தன் பொருளைத் தானே பார்த்தால் சூடு வராது என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவனுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

மூன்றாம் நாள் பெத்தணனின் பீன்ஸ் கருகியது. ஐந்தாம் நாள் கோஸ். எனக்கு வந்த சந்தோஷம் சரியாக ஒன்றேகால் நாள் இருந்தது. அதற்குமேல் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. பாவி ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. செத்த செடிகளைப் பிடுங்கி, என் மாட்டுக்கு ஆகும் என்று சுவருக்கு இந்தப் பக்கம் அடுக்கி வைத்தான்.

இதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் நரிப்பாறையில் இருந்த அத்தனை திருஷ்டி பொம்மைகளையும் பிடுங்கி எறிந்தார்கள். என்னுடையதை மட்டும் நான் பிடுங்கவில்லை. எடுத்துவிட்டும் தோட்டம் கருகினால் என்னை எவனும் சீந்தவில்லை என்பது ஊரறியப் போய்விடும். பொம்மை நின்றால், 'பொம்மை தடுக்கிறது' என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு தங்கள் தோட்டத்தின்மேல் விழ ஆளாளுக்குப் பொறாமைக் கண் தேட ஆரம்பித்தார்கள். சாணி அள்ளுகிறவள் கழுத்தில் கல்யாணச் சங்கிலி. பால் கடைக்காரர் மகன் பரீட்சையில் தேறியதற்கு மூன்று நாள் மைக் செட். மருமகள் தங்கமானவள் என்று ஒருத்தி தெருவில் நின்று அழுதாள். அவள் அதுவரை அந்த மருமகளோடு பேசியதே கிடையாது. எல்லோரும் பெருமை பேசினார்கள். பேசுகிற மும்முரத்தில் ஒருத்தரும் அடுத்தவனைப் பார்க்கவில்லை. ஊரில் பொறாமைக்குப் பஞ்சம் வந்தது. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள்: வீட்டுக்கு ஒரு ஆள், முறை வைத்து, அடுத்த வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து அரை மணி நேரம் பொறாமைப்பட வேண்டியது. முதல் நாளே பாதிப்பேர் நின்றுகொண்டே தூங்கினார்கள். அளவு: பூஜ்யம்.

இருக்கிறவன் தோட்டம் எப்படியோ கொஞ்சம் தாக்குப்பிடித்தது. இல்லாதவள் தோட்டம்தான் முதலில் போனது. ஊர்க்கோடியில் ராக்கு என்று ஒருத்தி. புருஷன் இல்லை, அரைக்காணி குத்தகை நிலத்தில் கேரட் போட்டிருந்தாள். முன்பு மற்றவர்களைப் போலவே பனியைப் பொறுத்துக் கொஞ்சம் போகும், கொஞ்சம் வரும். இந்த வருஷம் பனி அதிகம். அவளிடம் பார்த்து எரிய என்ன இருக்கிறது? பாவம் என்று ஊரே கூடி, ஒரு விடியற்காலையில் அவள் வயலைச் சுற்றி நின்று பார்த்தோம். நானும் நின்றேன். எல்லோர் கண்ணும் கலங்கியிருந்தது. ஃபெலிசிட்டாவின் திரையில் கோடு அசையவில்லை.

"இரக்கத்துல சூடு இல்ல ஐயா," என்றாள் மெதுவாக. "பார்வை கலங்கி, சிதறிருது."

கேரட் இலை எங்கள் கண் முன்னால் கறுத்தது. பாத்தியோரம் உட்கார்ந்திருந்த ராக்கு எழுந்து சேலையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள்.

"என்னப் பாத்து எரிய ஒரு நாதி இல்லன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும். அதுக்கு எதுக்குய்யா இம்புட்டுக் கூட்டம் போட்டீக?"

மறுவாரம் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஊர் அதற்கப்புறம் பொறாமையைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை.

மாசி முடிய ஆறு நாள் இருந்தபோது பெத்தணன் சுவரோரம் வந்து நின்றான். நான் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள."

"ம்."

"நாளைக்குக் காலையில மைனஸ் நாலாம். அந்தப் பிள்ள சொல்லுச்சு."

"எனக்கென்ன, எங்கிட்டச் சாகறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

"பட்டாணி பூத்திருக்கு மாப்ள."

நான் திரும்பினேன். வடக்கு மூலையில் ஒரே ஒரு பாத்தி. ஊதாப் பூ.

"சிட்டு கொண்டாந்த விதை," என்றான். "அவ பொறந்த வீட்டு விதை. வேற எங்கயும் கிடையாது. டப்பாவுல வச்சிருந்தேன், வண்டு விழுந்துருச்சு. நல்லதாப் பாத்துப் பொறுக்குனதுல ஒரு கைப்பிடிதான் தேறுச்சு. அம்புட்டையும் போட்டுட்டேன். பூ கருகிட்டா காய் இல்ல. காய் இல்லன்னா விதை இல்ல."

"எல்லாத்தையும் எந்த மடையனாச்சும் ஒரே நேரத்துல போடுவானா? வாத்தியாரு!"

"போடாம வச்சிருந்தா மிச்சத்தையும் வண்டு தின்னுரும். கணக்குப் போட்டுத்தான் போட்டேன்." கொஞ்ச நேரம் சுவரில் கல்லை நோண்டினான். "நாளைக்கு ஒருநாள் மட்டும் பொறாமப்படு மாப்ள. பழைய மாதிரி."

நாற்பது வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி. செய்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் நாலரை மணிக்கே ஃபெலிசிட்டா வந்துவிட்டாள். ஸ்வெட்டர் நான்காகியிருந்தது. நாற்காலியைப் பட்டாணிப் பாத்திக்கு நேராகப் போடவேண்டும் என்றாள். அந்த இடத்தில் பொம்மை நின்றது.

"இது பார்வைய மறைக்குது. எடுத்துரவா?"

"எடு," என்றாள் நாகரத்தினம், நான் வாய் திறப்பதற்கு முன்னால். இரண்டு பேருமாகப் பொம்மையைப் பிடுங்கிக் கோழிக் கூட்டுக்குப் பின்னால் சாய்த்தார்கள். நான் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெத்தணன் முக்காலியில் உட்கார்ந்தான். மண் மேல் பனி வெள்ளை கட்ட ஆரம்பித்திருந்தது.

பார்த்தேன். பட்டாணியையே பார்த்தேன். நடுங்குகிற ஊதாப் பூ. அதற்குப் பின்னால் நடுங்குகிற ஒரு கிழவன்.

"எவ்ளோ தாயி?"

"பூஜ்யம்."

"நல்லாப் பாரு."

"பூஜ்யம்தான் ஐயா. நீங்க பரிதாபப்படுறீங்க."

உண்மைதான். நாற்பது வருஷம் சோறு தண்ணி இல்லாமல் வளர்த்த பொறாமை, வேண்டும் என்கிறபோது ஒரு துளி ஊறவில்லை.

"மச்சான், இப்பிடி மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்தா எனக்கு எப்பிடிடா வரும்? பெருமையா எதுனா பேசு!"

"என்ன பேச?"

"ஒன்னப் பத்திப் பேசுடா!"

பெத்தணன் யோசித்தான். அவனுக்குப் பெருமை பேசத் தெரியாது. அதுவும் என் நெடுநாள் எரிச்சல்களில் ஒன்று.

"எனக்குச் சக்கரை இல்ல மாப்ள."

"கால் சடை," என்றாள் ஃபெலிசிட்டா.

"கண்ணாடி போடாம பேப்பர் படிப்பேன். வரி வெளம்பரத்தக்கூட."

"முக்கால்."

"பத்தாம் வகுப்புல நீ கணக்குல பெயில்..."

"அது ஊருக்கே தெரியும்டா! புதுசா எதுனா சொல்லு!"

பூவின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகத் தொடங்கியது. பெத்தணன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"பதினாலாம் வளைவு ஞாபகம் இருக்கா?"

"என்ன பதினாலாம் வளைவு?"

"தொண்ணூத்தி எட்டுல. மழையில பஸ்ஸு பின்சக்கரம் ஓடைக்குள்ள எறங்கிருச்சு. ஒரு மணி நேரம் நீ ரிவர்ஸ் போட்டுப் பாத்த. வரல. ஒதுங்கப் போறேன்னு பொதருக்குள்ள போன."

"போனேன். வந்து பாத்தா வண்டி ரோட்டுல நிக்குது. பயணிகளெல்லாம் சேந்து தள்ளி எடுத்ததா கண்டக்டர் சொன்னான்."

"யாரும் தள்ளல மாப்ள. நான் ஏறி ஒரே திருப்புல எடுத்தேன். நீ மனசு கஷ்டப்படுவேன்னு கண்டக்டர்கிட்ட அப்பிடிச் சொல்லச் சொன்னேன்." தயங்கினான். "எல்லாரும் கைதட்டுனாங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"லைசன்ஸே இல்லாத பயலே! ஒனக்கு யாருடா ஓட்டக் கத்துக்குடுத்தது?"

"ஒனக்குப் பின் சீட்டுல உக்காந்து பாத்துத்தான். வளைவோட கோணத்தக் கணக்குப் பண்ணா சுளுவாத்தான் இருந்துச்சு."

"சுளுவா!"

"மூணே முக்கால்!" என்று கத்தினாள் ஃபெலிசிட்டா. "நாலு! ஐயா, கண்ண எடுக்காதீங்க, அப்படியே பாருங்க, நாலரை!"

பட்டாணிப் பாத்தியின் மேல் வெள்ளை கரைந்தது. பூக்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மண்ணிலிருந்து லேசாக ஆவி பறந்ததாக ஃபெலிசிட்டா தன் அறிக்கையில் எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் பதினாலாம் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

நடுவில் வழக்கம்போல நாகரத்தினம் காபியோடு வந்தாள். நான் திமிறத் திமிறத் தலையில் மப்ளரைச் சுற்றினாள், காதை மூடினாள். "லைசன்ஸு இல்லாம ஓட்டுனா என்ன, கொன்னா போட்டாரு எங்கண்ணன்? காபியக் குடிங்க," என்று டம்ளரை என் கைக்குள் வைத்து, தன் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாய் குடித்தேன். போனாள்.

ஏழு மணிக்கு வெயில் வந்தது. பட்டாணிப் பூ ஒன்றுகூடக் கருகவில்லை. பெத்தணன் பாத்திக்குள் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். கணக்கு வாத்தியார் அல்லவா.

ஃபெலிசிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, உங்க தோட்டத்தப் பாத்தீங்களா?"

திரும்பினேன். போன வாரம் விளையாட்டுக்குப் போட்டு மறந்துபோன முள்ளங்கி, இரண்டிலை விட்டிருந்தது. பச்சையாக நின்றது. மைனஸ் நாலில்.

திரையைக் காட்டினாள். எப்போதும் தரையோடு கிடக்கிற என் கோடு ஒரே ஒரு இடத்தில் எழுந்து, மலை மாதிரி நின்று, இறங்கியிருந்தது.

"அஞ்சு நாப்பத்தி நாலுக்கு ஏறுது. அம்பதுக்கு இறங்குது. ஆறே நிமிஷம்தான், ஆனா உச்சத்துல ஒம்பது சடை. நீங்ககூட அவ்வளவு போனதில்ல." குரலைத் தணித்தாள். "அந்த நேரத்துல இந்தப் பக்கமா யாரு பாத்துட்டிருந்தாங்க?"

ஐந்து நாற்பத்து நாலு. மப்ளர், காது, காபி.

பொம்மை இருந்த இடத்தைப் பார்த்தேன். பத்து வருஷமாக அது நின்ற குழி. அதன் ஓரத்தில் தக்காளிச் செடி, மூன்று பழத்தோடு. மூன்று வருஷமாக. சிட்டம்மாள் போனது எப்போது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவளைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அடுப்படி வாசலில் நின்று, தானே போட்ட காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் இந்தப் பக்கம் பார்த்தது அவ்வளவும் பொம்மையின் மேல் விழுந்து தக்காளியாகக் காய்த்திருக்கிறது. அதை நான் ரசம் வைத்துக் குடித்திருக்கிறேன்.

"கருவி கெட்டிருக்கும் தாயி," என்றேன்.

"கருவி நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த முதுகைப் பார்த்தாள். திரையை மூடிவிட்டாள். "ஆமா ஐயா. குளிருக்குச் சில நேரம் இப்பிடித் தப்பாக் காட்டும்."

அன்று பூராவும் நாகரத்தினம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அவளை அன்றுதான் பார்க்கிற மாதிரி பார்த்திருக்க வேண்டும். "என்னங்க, என் மூஞ்சியில என்ன ஒட்டியிருக்கு?" என்று இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள்.

ஒன்பது சடை. வாழ்நாளில் முதன்முறையாக என்னைப் பார்த்து ஒருவன் எரிந்திருக்கிறான். தலையில் பரிவட்டம் கட்டினால்கூட அவ்வளவு சூடு இருந்திருக்காது. ஊர் முழுக்கத் தண்டோரா போட வேண்டிய சமாசாரம். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடியற்காலையிலும் பனி. நாகரத்தினத்திடம், "காபி மூணு டம்ளர் போடு. ஒங்கண்ணனையும் இந்தப் பக்கம் வரச்சொல்லு, இனிமே தினமும்," என்றேன்.

"அப்ப உங்களுக்குப் பொறாமை போயிரும், பட்டாணி என்னாவும்?"

"வைக்கோலப் போட்டு மூடுவோம். ஊர் உலகத்துல அப்பிடித்தான் செய்யிறாங்க."

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். பெத்தணன் முதலில் வேண்டாம் என்றான். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். சுவர் ஏறிக் குதித்து வந்தான். இந்த வயசில் சுவர் ஏறிக் குதிக்கிறான். எனக்கு முழங்கால் மடங்காது. நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காரவைத்தேன். மூன்று பேரும் பட்டாணியைப் பார்த்த மாதிரி இருந்தோம். கொஞ்சம் தள்ளி ஃபெலிசிட்டா திரையோடு உட்கார்ந்து, இரண்டு தோட்டத்துக் கோடும் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகரத்தினம் காபி ஆற்றினாள். முதல் டம்ளரை அண்ணனிடம் கொடுத்தாள். விளிம்பு வரை நுரை. பித்தளை டம்ளர் வேறு. அது வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, என் கல்யாணத்துக்கு வந்தது. கழுத்தில் கிடந்த தன் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டு, "எளச்சுப் போயிட்டியேண்ணே," என்றாள்.

பிறகு எனக்கு ஊற்றினாள். எவர்சில்வர் டம்ளர். முக்கால் டம்ளர். அடியில் மிஞ்சியது.

"மாப்ள, காபி பிரமாதமா இருக்கு," என்றான் பெத்தணன், உதட்டில் நுரையோடு.

நான் பட்டாணிப் பாத்தியைப் பார்த்தேன்.

"ஐயா!" என்றாள் ஃபெலிசிட்டா. "ரெண்டு சடை!"